ஒரே கோப்பையை நூறு முறை

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தில் இருந்த ஒரு கேள்விதான் என்னை உடனே எழுத உட்கார வைத்தது. "ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்ப வனைந்து விற்றுக்கொண்டிருந்தால் நான் கலைஞர்தானா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். விலை வைப்பது, ஹோட்டல் ஆர்டர், கடைக்காரர்களின் கமிஷன் என்று நீ கேட்ட மற்றவையெல்லாம் இந்தக் கேள்வியோடு பின்னிக் கிடக்கின்றன. இதில் மனம் தெளியாதவரை அவற்றில் எதிலும் உனக்கு உறுதி வராது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வடிவங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள். ஒரு கோப்பை, ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு கிண்ணம், ஒரு மூடி போட்ட ஜாடி என்று அன்றாடம் கைக்கு வருகிறவையாக இருக்கட்டும். ஆண்டு முழுவதும் அவற்றையே வனை. உன் பட்டறை அவற்றின் மேல்தான் நிற்கப் போகிறது. உன் கை தேறுவதும் அங்கேதான். நூறாவது கைப்பிடியை ஒட்டும்போது முதல் கைப்பிடியில் இருந்த தயக்கம் விரலில் இருக்காது. அந்தத் தயக்கமின்மை பெரிய வேலைகளுக்கும் வேண்டும்.

பெர்னார்ட் லீச்சின் பெயரை நீ படித்த இடத்தில் கேட்டிருப்பாய். 1920-இல் ஜப்பானியரான ஷோஜி ஹமாதாவோடு இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை போட்டவர். தொடக்க ஆண்டுகளில் விறகுச் சூளையில் சேதம் அதிகம், பணமுடை ஓயவில்லை. 1930-களில் அவர் மகன் டேவிட், ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகருக்குப் போய் மண்பாண்டத் தொழில் நிர்வாகம் படித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் அங்கே ஒரு நிலையான பாத்திர வரிசை உருவானது. பட்டியல் அச்சிட்டு, அதைப் பார்த்து மக்கள் வாங்கினார்கள். அந்த வரிசை பட்டறைக்குச் சோறு போட்டது, பயிற்சிக்கு வந்தவர்களின் கையைப் பழக்கியது. லீச் தன் தனிப்பட்ட படைப்புகளை அதே கூரைக்குக் கீழ் தொடர்ந்து செய்தார். 1938-இல் வியன்னாவிலிருந்து தப்பி லண்டன் வந்த பீங்கான் கலைஞர் லூசி ரீயும் போர்க்காலத்தில் பீங்கான் பொத்தான் செய்து பிழைத்தார். வாங்கியவர்கள் துணியின் நிறத்துக்குப் பொருந்தும் பொத்தான் கேட்டார்கள். அதற்காகக் கிளேஸ் கலந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னாளில் பீங்கான் கலைஞரான ஹான்ஸ் கோப்பர் 1946-இல் அவரிடம் வந்து சேர்ந்ததும் பொத்தான் வேலைக்காகத்தான்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியபோது, அந்த ஊரில் உயர்வெப்ப ஸ்டோன்வேருக்கு மரபும் இல்லை, சந்தையும் இல்லை. சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து, மேசைப் பாத்திரங்களை ஒரு வரிசையாகச் செய்து விற்றார்கள். பாத்திர உற்பத்தியை டெபோரா கவனித்தார், மாணவர்களை ரே கவனித்தார். இன்று இந்தியாவில் பெயர் சொல்லும் பல பீங்கான் கலைஞர்கள் அங்கே சக்கரம் பழகியவர்கள். தட்டும் கிண்ணமும் விற்ற இடத்திலிருந்துதான் அத்தனை பேரும் கிளம்பினார்கள்.

இனி விலைக்கு வருகிறேன். கோப்பைக்கு 250 ரூபாய் வைத்திருப்பதாகவும், அதற்கே சிலர் முகம் சுளிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். எப்படி அந்த 250 வந்தது என்று நீ எழுதவில்லை. அக்கம்பக்கத்தில் என்ன விலை என்று பார்த்து வைத்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன். விலையைச் சூளையிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், உன் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள். ஒரு சுடலுக்கு 100 கோப்பை கொள்ளும் என்று வை. நூறும் தேறி வராது. கைப்பிடி விரியும், கிளேஸில் ஊசித்துளை விழும், ஒன்றிரண்டு சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். 85 தேறினால் நல்ல சுடல். மண் பிசைவதிலிருந்து அடிப்பாகம் தேய்ப்பதுவரை உன் உழைப்பு 8 நாள், நாளுக்கு 1,500 ரூபாய் என்றால் 12,000. மண்ணும் கிளேஸ் சாமான்களும் 2,500. முதல் சுடலுக்கும் கிளேஸ் சுடலுக்குமான மின்சாரம், நிலைக்கட்டணத்தின் பங்கோடு 2,000. வாடகை, சூளைக் கம்பிச்சுருள், தட்டுகளின் தேய்மானம் 4,000. ஆகமொத்தம் 20,500. இதை நூறால் வகுக்காதே, தேறிய 85-ஆல் வகு. ஒன்றுக்கு 241 ரூபாய். பெட்டியும் காகிதமும் 40 ரூபாய் என்றால் 281. படம் எடுப்பது, வாங்குகிறவர்களுக்குப் பதில் எழுதுவது, கூரியருக்கு அலைவது, கணக்கு எழுதுவது எதுவும் அந்த 8 நாளில் சேரவில்லை. அவற்றுக்கும் அடுத்த சூளைக்கான சேமிப்புக்கும் கால் பங்கு கூட்டினால் 350 வரும். மொத்தமாக வாங்குகிறவருக்கும் அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது.

கடைகள் விற்பனை விலையில் 40 முதல் 50 சதவீதம்வரை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே அந்தக் கோப்பையின் சில்லறை விலை 700 ரூபாய். உன் பட்டறைக்கே வந்து வாங்குகிறவருக்கும் 700-தான். கடையில் 700, உன்னிடம் 400 என்று தெரிந்த நாளில் எந்தக் கடைக்காரரும் உன் பாத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவார், அது அவர் தவறில்லை. குர்ஜா நகரின் ஆலைக் கோப்பை இதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கும். அந்த விலைக்கு உன்னால் இறங்க முடியாது, இறங்க முயலவும் கூடாது. முகம் சுளிப்பவர்களுக்கும் சேர்த்து விலை வைத்தால் இரண்டே ஆண்டில் ஷெட்டைப் பூட்டிவிட்டு பழைய வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

தட்டுக்கு இந்தக் கணக்கு வேறு. கோப்பையைவிட மண் கொஞ்சம்தான் கூட ஆகும் என்று விலையையும் கொஞ்சம்தான் கூட்டுவார்கள். சூளைக்குள் பார். ஒரு பத்து அங்குலத் தட்டு, உயரம் குறைவாக இருந்தும், நான்கைந்து கோப்பைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உலரும்போது விளிம்பு தூக்கும், சுடும்போது வளையும். சூளைக்குள் பிடிக்கிற இடத்துக்கும் சேதத்துக்கும் சேர்த்துத்தான் அதற்கு விலை.

அந்த ஹோட்டல்காரர் 200 தட்டு கேட்கிறார், முன்பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்கிறாய். நம் பக்கத்துக் குயவர்களான வேளார்களைப் பார். சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் புரவியெடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் மண்குதிரை கேட்க வரும்போது, ஒரு பிடி மண்ணையும் பணத்தையும் வேளார் கையில் கொடுக்கிறார்கள். பிடிமண் கொடுத்த பிறகுதான் குதிரைக்கு மண் மிதிப்பார்கள். தெய்வத்துக்குச் செய்கிற வேலைக்கே முன்பணம் வாங்குவது நம் ஊர் வழக்கமாக இருக்கும்போது, ஹோட்டலுக்குச் செய்கிற வேலைக்குக் கூச்சம் எதற்கு? பாதிப் பணத்தை முன்னால் வாங்கு. மாதிரித் தட்டுக்கும் காசு வாங்கு. அளவிலும் நிறத்திலும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதை எழுத்தில் சொல். 200 கேட்டால் 230 வனை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது கிளேஸ் கீறுகிறதா, பாத்திரம் கழுவும் இயந்திரம் தாங்குகிறதா என்று மாதிரியிலேயே பார்த்துவிடு.

சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவை உடனே செய்துவிடு. அது இலவசம், இடைத்தரகர் யாருக்கும் காசு கொடுக்காதே. பொருளை நீயே உற்பத்தி செய்கிற குறுநிறுவனம் என்பதால், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் உனக்குப் பணம் வந்தாக வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தமே எழுதாவிட்டால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. சிறு கலைஞர்களில் மிகச் சிலரே இதைக் கேட்டு வாங்குகிறார்கள். விலைச்சீட்டின் அடியில் இந்த ஒரு வரியை அச்சிட்டு வைத்தாலே பல இடங்களில் பணம் நேரத்துக்கு வரும். விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று சொல்கிற கடைகளிடம் ரொம்பக் கவனமாக இரு. என் ஜாடிகளை மாதக்கணக்கில் வைத்திருந்து, விளிம்பு உடைந்த நிலையில் திருப்பி அனுப்பிய கடை உண்டு. உடைந்தால் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே எழுதி வாங்கு.

திண்டிவனம் பக்கம் ஷெட் போட்டிருப்பதால் மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று ஆர்டர் குவிகிற மாதங்கள்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழை. அப்போது மண் உலராது. அரைகுறையாக உலர்ந்ததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். முதல் சுடல் முடிந்த பாத்திரம் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அலமாரியில் கிடக்கும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் வனைந்து, முதல் சுடல் கொடுத்து அடுக்கி வைத்துவிடு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிளேஸ் தோய்த்துச் சுடுவது மட்டும் போதும். சித்திரை வெயிலில் நேர்மாறான தொல்லை வரும். கைப்பிடி முந்தி உலர்ந்து ஒட்டிய இடத்தில் விரியும். பாலிதீன் போட்டு மூடி மெதுவாக உலரவிடு. எந்த மாதமானாலும் சரி, வாங்குகிறவர் அவசரப்படுத்துகிறார் என்று சூளையைச் சூட்டோடு திறக்காதே. சுமார் 570 டிகிரியிலும் மறுபடி 220-ஐ ஒட்டியும் சிலிக்கா தன் வடிவம் மாறிச் சுருங்கும். அப்போது குளிர்காற்று பட்டால் கணீரென்று ஒலிக்க வேண்டிய பாத்திரம் விரிசலோடு வெளியே வரும்.

உணவுக்கான பாத்திரத்தில் எந்தச் சமரசமும் கூடாது. நம் சமையலே புளிப்பு. ரசம், புளிக்குழம்பு, மோர், ஊறுகாய் எல்லாம் கிளேஸை அரிக்கக்கூடியவை. ஈயமும் காட்மியமும் கலந்த எதையும் உணவுப் பாத்திரத்தின் பக்கம் கொண்டுவராதே. செம்பு, மாங்கனீசு, பேரியம் மிகுந்த மேட் கிளேஸ்கள் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பூச்சாடியோடு நிற்கட்டும். புதுக் கிளேஸ் ஒவ்வொன்றின்மேலும் பாதி எலுமிச்சம்பழத்தை ஓர் இரவு கவிழ்த்து வை. காலையில் நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அந்தக் கிளேஸ் உணவுக்கு ஆகாது. மாறாவிட்டாலும் ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துச் சான்று வாங்கிவிடு. மண் நன்றாக முற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சுட்ட பாத்திரத்தை நிறுத்துக்கொண்டு, சில மணி நேரம் நீரில் கொதிக்கவிட்டு, துடைத்து மறுபடி நிறு. எடை இரண்டு மூன்று சதவீதத்துக்குமேல் கூடினால் அது நீர் குடிக்கிற மண். வீட்டில் சாம்பார் மணம் அதில் தங்கும், மைக்ரோவேவில் கைப்பிடி சுடும். உன் முத்திரை குத்திய தட்டில் ஒரு குழந்தை சாப்பிடும் என்பதை நினைவில் வைத்து இந்தச் சோதனைகளைச் செய்.

உன் நுரையீரலையும் பார்த்துக்கொள். உலர்ந்த மண்தூளைத் துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. கிளேஸ் கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம். சிலிக்கா தூசி உள்ளே போனால் போனதுதான்.

உன் முதல் கேள்விக்கே திரும்புகிறேன், அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. வரிசைப் பாத்திரங்கள் மட்டுமே சூளையை நிரப்பினால் சில ஆண்டுகளில் மனம் வறண்டுபோகும். அதனால் ஒவ்வொரு சுடலிலும் ஒரு சூளைத் தட்டை உனக்கென்று ஒதுக்கு. அதில் என்ன வைக்கிறாய் என்று யாருக்கும் நீ சொல்ல வேண்டியதில்லை. நெய்வேலி வெள்ளைக் களிமண்ணைக் கலந்து பார், சவுக்குச் சாம்பலில் கிளேஸ் செய்து பார், கோணல்மாணலாக ஏதாவது வனைந்து பார். அந்தத் தட்டின் செலவை மற்றப் பாத்திரங்களின் விலையில் சேர்த்துவிடு. உன் பெயர் நாளை எதற்காகப் பேசப்படுமோ அது அந்தத் தட்டிலிருந்து வரலாம். எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்காதே.

இந்த மாதக் கடைசிக்குள் உன் ஐந்தாறு வடிவங்களையும் அவற்றின் விலையையும், எப்படி அந்த விலை வந்தது என்ற கணக்கோடு, ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. அந்த ஹோட்டல்காரருக்கு முன்பணம் கேட்டு இன்றே எழுது. பணம் வந்த பிறகு 200 தட்டுக்கு மண் பிசை.

அன்புடன்,
அக்கா