ஈதர் புட்டியைத் திறக்கும் முன்: எந்தப் பெராக்சைடு சோதனை உங்களுக்கு?

ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறை நடுக்கோடையில் வருகிறது. சிட்னியிலோ மெல்பர்னிலோ வேதியியல் ஆய்வு செய்யும் நம் மாணவர்கள் டிசம்பரில் ஊருக்குப் போய், பொங்கல் முடித்துத் திரும்புகிறார்கள். பாதி காலியான டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) புட்டி அதுவரை அலமாரியிலேயே இருக்கும். உள்ளே இருக்கும் காற்றின் ஆக்சிஜன் ஈதரோடு சேர்ந்து மெல்லப் பெராக்சைடு உண்டாக்கும். வெளிச்சமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். டைஎத்தில் ஈதர் 35 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும், பெராக்சைடு போகாது. ரோட்டாவேப்பில் வற்ற வற்ற அது குடுவையின் அடியில் செறிந்து வெடிக்கும் நிலைக்கு வரும். அதனால்தான் காய்ச்சி வடிக்கும் முன்பு சோதித்தே ஆக வேண்டும்.

எதைக் கொண்டு சோதிப்பது? அன்றாட வேலைக்கு நான் சொல்வது பெராக்சைடு சோதனை ஸ்ட்ரிப். அதன் நுனியில் பெராக்சிடேஸ் நொதி இருக்கிறது. பெராக்சைடு பட்டால் நீலமாகும். ஆனால் நொதிக்குத் தண்ணீர் வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். ஈதரில் நனைத்து எடுத்த உடனே பார்த்துவிட்டு, "நிறம் மாறவில்லை, நல்ல புட்டிதான்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது சோதனையே அல்ல. ஒரு வினாடி நனைத்து, ஃபியூம் ஹூடுக்குள் கரைப்பான் ஆவியாகும்வரை பொறுத்து, நுனியில் ஒரு சொட்டு வடிநீர் விட்டு, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் கழித்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஸ்ட்ரிப்பைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். காலாவதித் தேதி கடந்தால் தூக்கிப் போடுங்கள். நொதி செத்துப்போன ஸ்ட்ரிப் எந்தப் புட்டியையும் நல்ல புட்டி என்றுதான் காட்டும். சந்தேகம் வந்தால் மிகவும் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒன்றை நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஸ்ட்ரிப்பில் லிட்டருக்கு 25 மில்லிகிராம்வரை காட்டுவதும் உண்டு, 100வரை காட்டுவதும் உண்டு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 100 வாங்குங்கள். பல ஆய்வகங்கள் 25 பிபிஎம்முக்கு மேல் போனால் காய்ச்சி வடிக்கக் கூடாது என்றும், 100க்கு மேல் போனால் புட்டியையே பயன்படுத்தக் கூடாது என்றும் விதி வைத்திருக்கின்றன. இரண்டு வரம்பையும் அது தொடும். நிறம் அட்டையின் உச்சத்தில் நின்றால் உண்மை அளவு அதற்கு எத்தனை மடங்கு என்று ஸ்ட்ரிப்பால் சொல்ல முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

டெட்ராலின், டெகாலின், டைகிளைம் போன்றவை எளிதில் ஆவியாகாதவை. அவற்றுக்கு ஸ்ட்ரிப் சரிவராது. அங்கே பொட்டாசியம் அயோடைடு. ஒரு மில்லி கரைப்பானுக்கு ஒரு மில்லி அசெட்டிக் அமிலம், அதில் 5 சதவீத அயோடைடு கரைசல் சில சொட்டு. பெராக்சைடு அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும். வெளிர் மஞ்சள் என்றால் கொஞ்சம் இருக்கிறது, பழுப்பு என்றால் நிறைய. செலவு மிகக் குறைவு. தொல்லை, அமிலத்தில் அயோடைடு காற்று பட்டாலே மெல்ல மஞ்சளாகும். ஆகவே அன்றன்றைக்குக் கரைசல் தயாரித்து, கரைப்பான் சேர்க்காத இன்னொரு குழாயைப் பக்கத்தில் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் ஒப்பிட்டுவிட வேண்டும்.

அளவு துல்லியமாக வேண்டும் என்றால், விடுபட்ட அயோடினைத் தயோசல்பேட்டால் தரம் பார்க்கலாம். முறைகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்துக்கு அது தேவை. முனைவர் பட்ட மாணவரின் மேசைக்கு வேண்டியதில்லை. ஃபெரஸ் தயோசயனேட் சிவப்பு காட்டும் முறையும் நுட்பமானதே. ஆனால் காற்றே இரும்பை ஆக்சிஜனேற்றிவிடுவதால், பழகாத கைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

இவற்றில் எதுவும் எல்லாப் பெராக்சைடையும் பிடிக்காது. ஹைட்ரோபெராக்சைடு எளிதில் சிக்கும். டைஆல்கைல், பாலிமர் வகைகள் நழுவிவிடும். ஆகவே நிறம் மாறாததை வைத்து மட்டும் பத்து வருடப் புட்டியை நம்பாதீர்கள். வந்த தேதி, திறந்த தேதி, கடைசியாகச் சோதித்த தேதி மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். எச்பிஎல்சி தர டிஎச்எஃப்பில் பெரும்பாலும் பிஎச்டி (BHT) தடுப்பான் சேர்ப்பதில்லை, புறஊதா அளவீட்டுக்கு இடைஞ்சல் என்பதால். காய்ச்சி வடித்த டிஎச்எஃப்பிலும் தடுப்பான் இருக்காது. இவற்றை அடிக்கடி சோதியுங்கள். டைஐசோபுரொப்பைல் ஈதரை வாங்காமலே இருப்பது நல்லது. செறிவூட்டாமலே ஆபத்தாகக்கூடிய வகை அது. திறந்து மூன்று மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொது வழக்கம். பல வேலைகளுக்கு எம்டிபிஇ போதும். அதில் பெராக்சைடு மிக மெதுவாகத்தான் உண்டாகும்.

மூடியைச் சுற்றியோ அடியிலோ படிகம் தெரிந்தால், திரவம் இரண்டு அடுக்காகப் பிரிந்திருந்தால், புட்டியின் வயதே தெரியாவிட்டால் எந்தச் சோதனையும் வேண்டாம். மூடியைத் திருகும் உராய்வே போதும், வெடிக்க. தொடாமல், நகர்த்தாமல் அறையை விட்டு எல்லோரையும் வெளியேற்றி, பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள். உடனடி ஆபத்து என்றால் 000. மேற்பார்வையாளர் கோபிப்பாரோ, விசாவுக்குக் கேடு வருமோ என்று தயங்கி நீங்களே அதைக் கழுவு தொட்டிக்கு எடுத்துப்போக வேண்டாம். தெரியப்படுத்துவது உங்கள் கடமை, அங்கே யாரும் அதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது.

விடுமுறை முடிந்து ஆய்வகம் திரும்பியதும் முதல் வேலையாக அலமாரியில் உள்ள ஈதர் புட்டிகளின் தேதியைப் பாருங்கள். ஸ்ட்ரிப் தீர்ந்திருந்தால், புதியது வரும்வரை ரோட்டாவேப்பைப் போடாதீர்கள்.