தன்மையணி குறித்துத் தம்பி மகளுக்கு



கதை கூறும் உரைநடை தமிழில் நாவல், குறுநாவல், சிறுகதை என மூன்று வடிவங்களில் வழங்குகிறது. இவற்றைப் பிரிப்பது பக்கக் கணக்கன்று என்பது இலக்கியம் பயின்ற தம்பி மகளுக்குத் தெரியாததன்று. எனினும் 320 பக்கக் கைப்படியை அனுப்பி, அதை நாவலாகவே விடுவதா, பிரித்துச் சிறுகதைகளாக்குவதா என்று அவள் கேட்டிருப்பதாலும், வேலையை விட்டுவிட்ட செய்தியை அக்கேள்விக்குக் கீழே பின்குறிப்பாக ஒரே வரியில் எழுதியிருப்பதாலும், தெரிந்தவற்றையே மீண்டும் கூறவேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது. தன்மையில், அதாவது பேசுபவர் தம்மையே சுட்டும் இடத்தில், எழுதினால் சினம் புகுந்துவிடும் என்று பெரியம்மா எச்சரித்ததன் பேரில் இக்கடிதம் முழுவதும் படர்க்கையில் அமைகிறது.

நாவல் என்பது நீண்ட காலத்தையும் பல வாழ்க்கைகளையும் ஒருங்கே தாங்கும் வடிவம். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வெளிவந்தபோது உரைநடையில் நெடுங்கதை என்பதே தமிழுக்குப் புதிதாகையால், கிளைக்கதைகளும் நீதியுரைகளும் அதில் தாராளமாக இடம்பெற்றன. 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் ராஜமையர் எழுதிய கமலாம்பாள் சரித்திரமோ, ஊர்ப் பெண்களின் வம்புப் பேச்சுக்கு வம்பர் மகாசபை என்று பெயரிட்டு, ஒரு சிற்றூரின் நாக்கையே பாத்திரமாக்கியது. சிறுகதைக்கு இத்தகைய விரிவு இல்லை. ஒரு வாழ்க்கை திரும்பும் ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு, அக்கணத்துக்கு உதவாத அனைத்தையும் வெளியே நிறுத்திவிடுவது அதன் இயல்பு. இரண்டில் எதைக் கொள்வது என்பது தம்பி மகளின் முழு உரிமை. நாவலுக்கு ஐந்து ஆண்டு உழைப்பும் மாதம் தவறாத வருமானமும் வேண்டும் என்பதும், சிறுகதைக்கு இரவு நேரங்களே போதும் என்பதும் தகவலுக்காக மட்டும் இங்குக் குறிக்கப்படுகின்றன.

எந்த வடிவமாயினும் கதைக்கு உறுப்புகள் சில உண்டு: கதை எதைப் பற்றியது என்னும் கதைக்கரு, ஒரு நிகழ்ச்சி மற்றொன்றுக்குக் காரணமாகத் தொடரும் கதைப்பின்னல், பாத்திரங்கள், நிகழிடமும் காலமுமாகிய களம், யார் கண்வழியாகக் கதை காணப்படுகிறது என்னும் நோக்குநிலை. இவற்றுள் கரு என்னும் சொல்லில் மாணவர்கள் இடறுவதுண்டு. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கும்போது, நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்து மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் முதலியன கருப்பொருள், பாடலின் உணர்வொழுக்கமே உரிப்பொருள். இன்று கதைக்கரு எனப்படுவது பழைய உரிப்பொருளுக்கே நெருக்கமானது. பழைய கருப்பொருளோ இன்றைய களத்துக்குள் அடங்கிவிட்டது. பாத்திரப்படைப்பைப் பற்றித் தம்பி மகளுக்குச் சொல்ல ஏதுமில்லை. அவளுக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரியும். அது அவள் அப்பனிடமிருந்து வந்தது.

நோக்குநிலைக்கு இரண்டு மரங்களைச் சான்று காட்டலாம். 1915-இல் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் குளத்தங்கரை அரசமரம் என்னும் சிறுகதையில் மரமே கதை சொல்கிறது. இரண்டாம் மணத்துக்கு இசைவதுபோல் நடித்துப் பெற்றோருக்குப் பாடம் புகட்டப் போவதாகக் கணவன் நண்பனிடம் கூறுவது மரத்துக்குத் தெரியும். மனைவி ருக்மிணிக்குத் தெரியாது. அவள் குளத்தில் இறங்கும்போது மரத்தால் வாய்திறக்க இயலாது. அறிந்தும் தடுக்க இயலாத ஒன்றின் வாயில் கதையை வைத்ததே அதன் துயரம் முழுவதற்கும் காரணம். சுந்தர ராமசாமி 1966-இல் வெளியிட்ட ஒரு புளியமரத்தின் கதையில் மரம் பேசுவதில்லை. அதைச் சுற்றி ஓர் ஊரே பேசுகிறது. முன்னது சிறுகதையாகவும் பின்னது நாவலாகவும் அமைந்தது தற்செயலன்று: ஒரு குரலுக்குச் சிறுகதை போதும், ஊர்க்குரலுக்கு நாவல் வேண்டும். தம்பி மகளின் 320 பக்கங்களிலும் கேட்பது ஒரே குரல்.

இனி அணிகள். தொல்காப்பியத்தின் உவமவியல், வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடிப்படையில் உவமை தோன்றும் என்று கூறும். செயல், விளைவு, வடிவு, நிறம் ஆகியவற்றில் ஒப்புமை காண்பது என்பது இதன் பொருள். காவியாதர்சம் என்னும் வடமொழி நூலைத் தழுவிய தண்டியலங்காரமோ பொருளணிகளை 35 ஆக விரிக்கிறது. பொருளும் உவமையும் வேறு வேறாக நிற்க, இடையே போல முதலிய உருபு வருவது உவமை. இரண்டும் ஒன்றேயென மயங்கி நிற்பது உருவகம். இயல்பாக நிகழும் ஒன்றன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுவது தற்குறிப்பேற்றம். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவதைக் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா என மறிப்பதாகச் சிலப்பதிகாரம் காண்பது இதற்குப் பெரும்பாலோர் காட்டும் சான்று. ஆனால் தண்டியலங்காரத்தில் முதலணி இவற்றுள் எதுவுமன்று. முதலில் நிற்பது தன்மையணி. அதாவது ஒரு பொருளை மற்றொன்றோடு ஒப்பிடாமல், அதன் இயல்பு கண்முன் தோன்றுமாறு உள்ளது உள்ளபடி கூறுவது. உவமை அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறது. பள்ளித் தேர்வுகளில் இவ்வணி எப்போதாவதுதான் தலைகாட்டுகிறது. அணியின் பெயரையும் உவமேயத்தையும் உவம உருபையும் பிரித்து எழுதி மதிப்பெண் பெறுவதற்கு அதில் வழி இல்லாமையே காரணமாகலாம்.

தம்பி 1986-இல் எழுதிய கதை முழுவதும் தன்மையணியில் அமைந்திருந்தது. ஒரு வார இதழ் அதை வர்ணனை போதாது என்னும் இரண்டு சொற்களோடு திருப்பி அனுப்பியது, தம்பி மூன்று இரவுகளில் அதற்கு நிலவும் தாமரையும் ஏற்றி மறுபடி அனுப்பினான், அச்சாகியும் வந்தது. அதன்பின் அவனால் பழையபடி எழுத முடியவில்லை. பரணில் உள்ள நான்கு நோட்டுகளைப் பற்றித் தம்பி மகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த இதழ் நின்று பல ஆண்டுகள் ஆகியும், அந்த இரண்டு சொற்கள் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை என்பதே இக்கடிதம் நீள்வதற்குக் காரணம் என்று பெரியம்மா சொல்கிறாள். அது முழுவதும் தவறன்று.

கைப்படியின் முதல் அத்தியாயத்தில் மட்டும் போல என்னும் உருபு 37 இடங்களில் வருகிறது. பென்சிலால் அடிக்கோடிட்டு எண்ணப்பட்டது. 41-ஆம் பக்கத்தில், வேலையை விட்டுவிட்டதாக மகள் வந்து சொல்லும்போது, தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் தாய் மறுமொழி கூறவில்லை. கட்டைவிரல் நகத்தில் காய்ந்த பசையை மற்றக் கைவிரலால் சுரண்டிவிட்டு, அடுத்த அட்டையை எடுத்து மடிக்கிறாள். 320 பக்கங்களில் ஆகச் சிறந்த இடம் இதுவே. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே அவள் முகம் பனிமூடிய நிலவு போல வாடுகிறது. கோவில்பட்டியில், மே மாதத்தில், பனி! தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமம், போல என்னும் உருபே இல்லாமல், தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களைக் கொண்டு மறைபொருளைக் குறிப்பால் உணர்த்துவது. காய்ந்த பசையும் மடிபடும் அட்டையும் அந்த வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டன. பனியை நீக்குவதில் தயக்கம் வேண்டா. அந்தத் தாய் யார் என்பதை இக்குடும்பத்தில் எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவளுக்கு இரத்த அழுத்த மாத்திரையின் அளவு போன மாதம் கூட்டப்பட்டிருப்பதையும் போகிறபோக்கில் இங்குச் சொல்லிவிடலாம்.

அணி என்பது வாக்கியத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கு. அழகிரிசாமியின் ராஜா வந்திருக்கிறார் என்னும் சிறுகதையில், ஒரு சொல் இருபொருள் தரும் சிலேடை, கதை முழுவதையும் தாங்கும் தூணாக நிற்கிறது. பணக்கார வீட்டுக்கு ஜமீன்தாராகிய ராஜா வருகிறார். ஏழை வீட்டுக்கோ ராஜா என்னும் பெயருள்ள ஆதரவற்ற சிறுவன் வருகிறான். தீபாவளிக்குக் கணவனுக்கென வாங்கிய துண்டை அவ்வீட்டுத் தாய் அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். இதை எழுதியவரும் கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரரே; கரிசல் மண்ணுக்குக் கடன்வாங்கிய பனி தேவைப்படவில்லை. தண்டியலங்காரத்தின் கடைசிப் பொருளணியாகிய பாவிகம் இதனினும் ஒரு படி மேலே செல்கிறது: அது தனி வரியிலோ பாட்டிலோ அமையாமல், காப்பியம் முழுவதும் பரந்து நிற்கும் கருத்தைக் குறிப்பது. இன்று கதைக்கரு எனப்படுவதைப் பழைய இலக்கணிகள் அணியாகவே எண்ணினர் என்பது வியப்புக்குரியது. 35-இல் முதலாவதையும் கடைசியையும் ஒருவர் கைக்கொண்டால், இடையிலுள்ள 33 அணிகளையும் தேடிப் போகவேண்டிய தேவை இராது என்பது பெரியப்பாவின் துணிபு. இதை மறுக்கும் புலவர்கள் பலர் உளர்.

ஆகவே கைப்படியைச் சிறுகதைகளாகப் பிரிப்பதே நன்று. 41-ஆம் பக்கத்தை நடுவாக வைத்து முதல் கதையை எழுதிப் பார்க்கலாம். அலுவலகத்தில் விலகல் கடிதத்தைத் திரும்பப் பெற இன்னும் இடமிருந்தால், அதையும் ஒருமுறை விசாரித்துக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை. நாவல்தான் என்று தம்பி மகள் உறுதியாக இருப்பாளாயின், அதுவும் நன்றே. மேலே கூறியவற்றுள் பாதியைக் கிழவனின் பிடிவாதம் எனத் தள்ளிவிடலாம், அவள் அப்பன் தள்ளாமல் கேட்டதே அதிகம். இந்த வீட்டில் இதுவரை எவரும் 320 பக்கம் எழுதி முடித்ததில்லை. பெரியம்மா கைப்படியை இரண்டு முறை படித்துவிட்டாள். பனி இருக்கும் இடத்தில்தான் தனக்கு அழுகை வந்தது என்கிறாள். விடுதிக்கு இந்த மாதம் கட்டவேண்டிய பணம் அனுப்பப்பட்டுள்ளது, கணக்குக் கேட்கப்படாது. சீடையும் முறுக்கும் தனிப் பொட்டலமாக வருகின்றன. மாடியறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, மேசையின் ஆடும் காலை ஆசாரி நேற்றுச் சரிசெய்துவிட்டுப் போனார்.