பைக் கண்ணாடி காற்றில் திரும்புகிறதா?

இனயம் போன்ற கடலோர ஊர்களில் பைக் கண்ணாடி சீக்கிரம் ஆட்டம் காண்பதற்கு உப்புக் காற்றும் ஒரு காரணம். மரையில் துரு ஏறிவிட்டால் நட்டு இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் பிடித்திருக்காது. பக்கத்து ஊரான கருங்கலைத் தாண்டி வேகம் கூட்டினால் கண்ணாடி மெல்லத் திரும்பி வானத்தைக் காட்டும்.

எந்த இடத்தில் ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். தண்டோடு சேர்ந்து சுழன்றால் கோளாறு அடியில். ரப்பர் உறையை மேலே தள்ளி, லாக் நட்டைத் தளர்த்தி, தண்டைக் கழற்றி, கம்பி பிரஷால் மரையைத் தேய்த்துத் துளி கிரீஸ் தடவுங்கள். மறுபடி மாட்டும்போது தண்டு போதுமான சுற்று உள்ளே இறங்கட்டும். வேண்டிய கோணத்தில் ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 14 ஸ்பேனர். யமஹாக்காரர்கள் கவனம்: வலப்பக்கக் கண்ணாடிக்குப் பெரும்பாலும் எதிர் மரை, இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும். தெரியாமல் பலம் காட்டினால் மரை போய், ஹேண்டில் பிடிமானத்தையே மாற்றும் செலவு வரும்.

தண்டு அசையாமல் தலை மட்டும் தொங்கினால் பால் ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது. அங்கே எண்ணெய் விடாதீர்கள், இன்னும் வழுக்கும். சில மாடல்களில் அந்த இடத்தில் சின்ன ஸ்குரூ இருக்கும், அதை முறுக்கிப் பாருங்கள். இல்லையென்றால் பசை வைத்தியமெல்லாம் வீண். புதுக் கண்ணாடி வாங்குவதே சரி. அதுவரை, ஓடும் வண்டியில் கைவிட்டுச் சரிசெய்யாமல் ஓரமாக நிறுத்திச் சரிசெய்யுங்கள்.