கைக்கு வரும் வளைகோடு: கோலமும் சித்திரமும்

தைப்பொங்கல் விடியலில் முற்றத்தைக் கூட்டி, சாணத்தால் மெழுகி, அரிசிமாவினால் கோலமிடுவது யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். உலக்கையை அணைத்து நாற்புறமும் நேர்கோடு போடுவதற்கு வீட்டில் எவரும் முன்வருவர். வளைந்து நெளிந்து செல்லும் கோட்டைப் போடவேண்டிய இடத்திலேதான் "எனக்குக் கை வராது" என்று பிள்ளைகள் பின்வாங்குகின்றனர். அம்மம்மாவினதும் அப்பாச்சியினதும் கைகளில் இருந்த வித்தை பல வீடுகளில் அவர்களோடு போய்விட, கடையில் வாங்கும் ஒட்டுக்கோலம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இவ்வாறு பின்வாங்கும் பிள்ளை வகுப்பிலே சித்திரக் கொப்பியைத் திறப்பதற்கும் கூசுவது வியப்பன்று. கும்பமும் சங்கும் தாமரையும் மாவிலையும் வளைகோடுகளால் ஆனவை அல்லவா?

கை வராது என்பது பெரும்பாலும் உண்மையன்று. பயிலும் முறைதான் பிழை. நடுங்கிய கோட்டைப் பார்த்தால், அது மிக மெதுவாக, பென்சிலின் நுனியையே பார்த்தபடி, சிறுசிறு துண்டுகளாக ஒட்டிப் போடப்பட்டது என்பது விளங்கும். துவிச்சக்கரவண்டி ஓட்டுபவன் முன்சில்லைப் பார்த்து ஓட்டினால் விழுவான்; போகும் இடத்தைப் பார்த்தால் நேராகப் போவான். வளைகோட்டிற்கும் அதுவே விதி. கோடு எங்கே சென்று முடியவேண்டுமோ அந்த இடத்திலே கண் இருக்கவேண்டும். தாளில் முட்டாமல் இரண்டு மூன்று தரம் கையை அந்த வழியே வீசிப் பார்த்து, அதே வேகத்தில் ஒரே மூச்சாகக் கோட்டை இழுத்துவிட வேண்டும். பிழைத்தால் அழிறப்பரைத் தேடக்கூடாது. பக்கத்திலே இன்னொன்று போடவேண்டும். அழித்து அழித்துத் திருத்தும் பிள்ளை அழிப்பதில்தான் தேர்ச்சி பெறும்.

கையின் அமைப்பையும் அறிதல் நன்று. சிறிய வளைவுக்கு விரலும் மணிக்கட்டும் போதும். சாண் அளவு வளைவுக்கு முழங்கை அசையவேண்டும். அதனிலும் பெரியதற்குத் தோளிலிருந்தே கை வரவேண்டும். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு பெரிய வட்டம் கீற முயல்வதாலேயே அது முட்டை வடிவாகிறது. வலக்கையால் வரைபவருக்குக் கை வளைவின் உட்புறத்தில் இருக்கும்போது கோடு இயல்பாக ஓடும். எனவே உடம்பை முறுக்காமல் தாளைத் திருப்பிக்கொள்ளலாம். இடக்கைப் பிள்ளை மறுபக்கம் திருப்பினால் சரி.

பழகத் தொடங்குவோர்க்கு ஒற்றைறூள் கொப்பியே போதும். இரு கோடுகளுக்கிடையே மேலும் கீழும் முட்டுமாறு அலை, அடுத்துச் சுருள், பின்பு படுக்கவைத்த எட்டு. அலையின் உச்சி கூராக வந்தால் திரும்பும் இடத்தில் கை நின்றுவிட்டது என்று பொருள். மூன்று புள்ளிகளை இட்டு அவற்றினூடே ஒரே வளைவைச் செலுத்துவது இவற்றிலும் கடினம், பயனும் அதிகம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் செய்தல், சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து செய்வதைவிட மேல்.

இதன் பின் புள்ளிக் கோலத்துக்கு வரலாம். நெளிக்கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாது. அதனைச் சுற்றி வளைந்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவிலே தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, தொடங்கிய இடத்திற்கே திரும்பும். இரண்டு புள்ளிக்கு எட்டு வடிவம் வரும். 2 வரிசையில் 3 புள்ளி வீதம் இட்டால் முழுக் கோலமும் ஒரே கோட்டில் முடியும். 3 வரிசையில் 4 புள்ளி இட்டாலும் அப்படியே. 3 வரிசையில் 3 புள்ளி இட்டாலோ மூன்று தனிக்கோடுகள் வேண்டும். வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அத்தனை கோடுகள். அடுத்துள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் நடுவே கோடுகள் வெட்டும் நீள்சதுரக் கோலத்திற்கே இவ்விதி பொருந்தும். கணக்குப் பாடத்தில் பொ.கா.பெ. எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதனைக் காட்டலாம். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில், கோலங்களுக்குக் கணினி மொழி ஆராய்ச்சியின் வழியில் இலக்கணம் அமைத்துக் காட்டினர். பள்ளிக்கூட வாசலை மிதியாத பெண்களும் மனத்திலே வைத்துப் போட்ட கோலங்கள் அவை.

தாளில் வந்த கோலம் நிலத்தில் உடனே வராது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவைப் பிடித்து, நிலத்தில் விரல் முட்டாமல் சிறிது உயர்த்தி, மா விழும் வேகத்திற்கேற்பக் கையை ஓட்டவேண்டும். கை தயங்கும் இடத்தில் மா குவிந்துவிடும். இங்கே அழிறப்பரும் இல்லை. ஈரமான மா கட்டிபட்டு விழும் என்பதால் நன்றாக உலர்த்தி அரித்த மாவே ஏற்றது. பழகும் நாட்களில் அரிசிமாவை வீணாக்காமல், அரித்தெடுத்த உலர்ந்த மணலைக் கொண்டு சீமெந்துத் தரையில் போட்டுப் பார்க்கலாம். பிழைத்தால் விளக்குமாற்றால் கூட்டி அள்ளி, அதே மணலைக் கொண்டு மறுபடியும் தொடங்கலாம்.