வீட்டிலேயே காது குத்தப் போகிறீர்களா?

பத்தாம் வகுப்பு விடுமுறையில் என் அக்கா மகள் மேல் காதில் ஒரு வளையம் போட ஆசைப்பட்டாள். "ஏண்டி, இதுக்குப் போய் காசு கொடுப்பாங்களா? உங்கம்மாவுக்கே நான்தான் குத்திவிட்டேன்" என்று என் அம்மா தையல் ஊசியை விளக்கில் காட்டி, காதுக்குப் பின்னால் உருளைக்கிழங்குத் துண்டை வைத்துக் குத்திவிட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ஆறாம் நாள் காலையில் காதின் மேல்பாதி செங்கல் நிறத்தில் வீங்கி, தொட்டால் சுடுகிறது. தலையணையில் தலை வைக்க முடியாமல் பிள்ளை உட்கார்ந்தபடியே இரவைக் கழித்திருக்கிறாள். மருத்துவமனையில் கீறிச் சீழை எடுத்து, நான்கு நாள் ஊசி மருந்து ஏற்றினார்கள். காது பிழைத்தது. மேல் விளிம்பு மட்டும் இன்றும் உள்பக்கம் மடங்கியே இருக்கிறது. இந்தக் குறிப்புகள் அப்போது தெரிந்திருக்க வேண்டியவை.

1. மேல் காது, மூக்கு, புருவம், உதடு, நாக்கு, தொப்புள் ஆகிய இடங்களில் வீட்டு ஊசி படவே கூடாது. மேல் காதில் இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்த ஓட்டம் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுதான் அதற்குச் சாப்பாடு ஊட்டுகிறது. நடுவே சீழ் கோத்துச் சவ்வு பிரிந்துவிட்டால் குருத்தெலும்பு செத்துப்போய், காதே சுருங்கிவிடும். இந்த இடத்தில் அடிக்கடி புகுவது ஈரத்தில் வளரும் சூடோமோனாஸ் என்ற கிருமி. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் அமாக்சிசிலின் மாத்திரைக்கு அது அடங்காது. நாங்களும் இரண்டு நாள் அந்த மாத்திரையைக் கொடுத்துத்தான் நேரத்தை வீணாக்கினோம்.

2. கீழ்க்காது என்றாலும் குத்துகிற கை பழகிய கையாக இருக்கட்டும். குழந்தை மருத்துவர்கள் பலரும் தோல் மருத்துவர்களும் காது குத்திவிடுகிறார்கள். விழாவை வழக்கப்படி வீட்டிலோ குலதெய்வக் கோயிலிலோ வையுங்கள். தாய்மாமன் மடி, மாலை, சீர்த்தட்டு எதுவும் குறைய வேண்டாம். குத்துவதை மட்டும் முதல் நாளே முடித்துவிட்டால் பிள்ளையும் அழுது அரற்றாமல் மாமன் மடியில் உட்காரும்.

3. ஊசியை விளக்கில் காட்டினால் கரிதான் ஒட்டும். கொதிநீரில் போட்டாலும் எல்லாக் கிருமியும் சாவதில்லை. ஆஸ்பத்திரியில் அழுத்த நீராவியில் 121 டிகிரி சூட்டில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் வைப்பது அதனால்தான். உறை பிரிக்காத புது ஊசி, ஒருவருக்கு ஒன்று. அக்கா தங்கைக்கு அடுத்தடுத்து ஒரே ஊசியில் குத்துகிறார்கள், ஒரே ரத்தம்தானே என்று. மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளுக்கு அந்தச் சொந்தமெல்லாம் கிடையாது.

4. ஆசாரியை அழைப்பது குடும்ப வழக்கமாக இருந்தால் விட வேண்டாம். தங்கக் கம்பியால் குத்திய பெரியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். நல்ல தங்கம் துருப்பிடிக்காது, தோலையும் பெரும்பாலும் உறுத்தாது. ஆனால் கம்பியும் குறடும் முன்கூட்டியே ஸ்டெரிலைஸ் செய்யப்பட்டவையா, கையைச் சோப்பால் கழுவிப் புதுக் கையுறை போட்டுக்கொள்வாரா என்று வெற்றிலை பாக்கு வைக்கும்போதே பேசிவிடுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டால் யாருக்கும் காதில் விழாது.

5. நகைக்கடை 'கன் ஷாட்' சட்டென்று முடிந்துவிடும். ஆனால் பிளாஸ்டிக் துப்பாக்கியை நீராவியில் வைக்க முடியாது. ஊசியின் கூர்மையும் அதில் இல்லை, தோட்டின் முனையே சதையைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஒருவருக்குப் போட்டுத் தூக்கியெறியும் உறையுள்ள வகை என்றால் கீழ்க்காதுக்கு மட்டும் சம்மதிக்கலாம்.

6. கைக்குழந்தைக்கு 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடியட்டும். பெரியவர்கள் டி.டி. ஊசி போட்டுப் பத்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், சொறி, சிரங்கு இருக்கும்போது வேண்டாம்.

7. இதய வால்வில் கோளாறு, கட்டுப்படாத சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, வீட்டில் யாருக்காவது தழும்பு புடைத்து வளரும் கீலாய்டு. இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் சொல்லாமல் குத்தாதீர்கள்.

8. குறி வைப்பதில் நேரம் செலவழியுங்கள். குழந்தையை நேராக உட்கார வைத்து, இரண்டு காதிலும் புள்ளி வைத்து, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். படுத்திருக்கும்போது வைத்த குறி எழுந்ததும் ஏறி இறங்கித் தெரியும். செல்போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புலப்படும். புள்ளிக்குக் கீழே நல்ல சதை இருக்க வேண்டும். விளிம்பை ஒட்டிக் குத்திய காது இருபது வருடம் கழித்து ஜிமிக்கியின் பாரத்தில் அறுந்து வரும்.

9. முதல் தோடு கவரிங் வேண்டாம். அதில் பெரும்பாலும் கலந்திருக்கும் நிக்கல்தான் அரிப்பையும் நீர் வடிதலையும் கொண்டுவருகிறது. 916 தங்கம் அல்லது உடலுக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியம் நல்லது. வெள்ளைத் தங்கத்திலும் நிக்கல் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். தண்டு நீளமாக இருக்கட்டும், முதல் சில நாள் காது வீங்கும். திருகாணிக்கும் சதைக்கும் நடுவே ஒரு பச்சரிசி நுழையும் இடம் விடுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கழன்றுவிடுமோ என்று இறுக்கித் திருகியதில் திருகாணி சதைக்குள் புதைந்து, மேலே தோல் மூடிவிட்டது. விழுந்துவிட்டது என்று நினைத்து வீடெல்லாம் பெருக்கித் தேடினார்கள், காதைத் தடவிப் பார்க்கும்வரை.

10. தினம் இரண்டு வேளை, கையைச் சோப்பால் கழுவியபின், மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைனைத் துணியில் நனைத்து முன்னும் பின்னும் ஒற்றுங்கள். பொருக்கு ஊறித் தானாக வரும், நகத்தால் பெயர்க்காதீர்கள். தோட்டைத் திருப்பிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். அது ஆறுகிற உள்தோலை ஒவ்வொரு முறையும் கிழிக்கும். பஞ்சு இழை தண்டில் சுற்றிக்கொள்ளும், காஸ் துணிதான் வசதி.

11. மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், சாம்பல் எதுவும் வேண்டாம். மஞ்சளின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அடுப்படி டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கியது அல்ல, துளைக்குள் போய் அடைத்தும் கொள்ளும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதுத் தோலையே அரிக்கும். துளை தூர்ந்துவிடாமல் இருக்கத் துடைப்பத்து ஈர்க்குச்சியைச் செருகும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

12. கீழ்க்காது ஆற 6 முதல் 8 வாரம். மூக்குக்கு 4 முதல் 6 மாதம். மேல் காதுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை தோட்டைக் கழற்ற வேண்டாம், நீச்சல் குளமும் ஆற்றுக் குளியலும் வேண்டாம்.

13. தலையணை உறையை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்க்கும் கை காதில் படக் கூடாது. சட்டையைக் கழுத்து வழியாகக் கழற்றும்போதும் துவட்டும்போதும் தோடு மாட்டிக்கொள்ளும், பார்த்துச் செய்யுங்கள்.

14. முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும், தெளிந்த நீரும் சகஜம். மஞ்சள் பச்சையாகச் சீழ், விண் விண்ணென்ற வலி, பரவும் சிவப்பு, காய்ச்சல், காதுக்குக் கீழே நெறி கட்டுவது இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பயந்துபோய்த் தோட்டை நீங்களே கழற்றாதீர்கள். வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். மேல் காது என்றால் மறுநாள் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். எங்கள் பிள்ளையின் காது மடங்கியது அந்த இரண்டு நாள் தாமதத்தில்தான்.

15. காது ஏற்கெனவே அறுந்து பிளந்திருந்தால் பசை போட்டு ஒட்டவோ, பக்கத்தில் இன்னொரு துளை போடவோ வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து தையல் போடுவது சின்ன வேலைதான், அன்றே வீடு திரும்பலாம். மறுபடி குத்துவதற்கு டாக்டர் சொல்லும் வாரக் கணக்கு முடியட்டும். தையல் தழும்பின் மேலேயே குத்தாமல் சற்றுத் தள்ளிக் குத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஜிமிக்கி போடும் நாளில் மாட்டலும் சேர்த்துப் போட்டு, பாரத்தைக் கூந்தலில் ஏற்றிக்கொள்ளுங்கள்.