கொம்புப் பிடி எவ்வளவு தடிமன் இருக்கலாம்?

கேள்வி: தாத்தா பயன்படுத்திய ஷெஃபீல்டு சவரக்கத்தி ஒன்று வீட்டில் இருக்கிறது. அலகு நன்றாக இருக்கிறது. கொம்புப் பிடியைத்தான் பூச்சி அரித்துவிட்டது. நானே புதுப் பிடி செய்யலாம் என்று 4 மி.மீ. எருமைக் கொம்புத் தகடு ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். அதை எவ்வளவுக்கு ராவ வேண்டும்? 2 மி.மீ. போதும் என்கிறார் ஒருவர். 3-க்குக் கீழே போகவே கூடாது என்கிறார் இன்னொருவர்.

பதில்: அரத்தை எடுப்பதற்கு முன் அலகை அதன் நுனிப் பக்கமிருந்து பாருங்கள். முதுகிலிருந்து வாய் வரை ஆப்பு போல நேராகச் சரிகிறதா, அல்லது இரண்டு கன்னமும் குடைந்து மெலிந்திருக்கிறதா? ஆப்பு வடிவம் பழைய ஷெஃபீல்டு வேலை, கனமானது. குடைந்த அலகுக்குப் பேர்போனது ஜெர்மனியின் ஸோலிங்கன். ஆனால் ஷெஃபீல்டிலும் பின்னாளில் அதைச் செய்தார்கள். எனவே ஊர் முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆப்பு அலகென்றால் பிடியின் நடுப்பகுதியை 2.8 மி.மீ. அளவில் நிறுத்துங்கள். குடைந்த அலகுக்கு 2.3 முதல் 2.5 வரை போதும்.

அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப்படி ஏறும். 2 மி.மீ. தகட்டைவிட 2.5 மி.மீ. தகடு ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு, 3 மி.மீ. என்றால் மூன்று மடங்குக்கும் மேல். எடையும் சேரும்: 15 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலமுள்ள ஜோடியில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் 8 கிராம் ஏறும்.

என் முதல் பிடியை, உறுதியாக இருக்கட்டும் என்று 4 மி.மீ.யிலேயே விட்டேன். கத்தியை விரித்தால் பிடியின் கடைப்பக்கம் கையைக் கீழே இழுத்தது. அச்சாணியை ஒரு தட்டு கூடத் தட்டினால் அலகு அசையவில்லை. சற்றுத் தளர்த்தினால் ஆடியது. தகடு கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் அந்த இறுக்கம் சீராகக் கிடைக்கும். அடுத்த ஜோடியை 1.8 வரை இழைத்தேன். ஐப்பசி மழையில் அது கோணி, மடக்கும்போது கத்தியின் வாய் உரசிப் பல் விழுந்தது. ஒரு வாரம் தீட்டி எடுத்த கூர் அது.

தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அச்சாணிப் பக்கம் 2.2 வரை மெலிந்து, விளிம்புகள் உருண்டு இறங்கட்டும். உட்பக்கத்தைச் சமமாக்கிய பின் தொடாதீர்கள், ராவுவதெல்லாம் வெளிப்பக்கத்தில்தான். கொம்பைச் சூடாக்கித்தான் தகடாக அழுத்துகிறார்கள்; மேல்தோல் போனதும் அது பழைய வளைவைத் தேடும். அதனால் 3.2 மி.மீ.யில் வேலையை நிறுத்தி, ஒரு வாரம் அறையில் வையுங்கள். கோணினால், மீதமுள்ள தடிமனில் சரிசெய்துகொள்ளலாம். ராவும்போது முகமூடி அவசியம். முடி கருகும் வாடை வந்தால் தகடு சூடாகிவிட்டது என்று பொருள், ஆறவிடுங்கள்.

1.6 மி.மீ. துளையிட்டு, முதலில் சின்ன போல்ட் நட்டு மாட்டி மடக்கிப் பாருங்கள். அலகு ஒரு பக்கம் உரசினால் தகட்டைத் தேய்க்காதீர்கள். பெரும்பாலும் குற்றம், கடைப்பக்கத்தில் இரு தகடுகளுக்கும் நடுவே வைக்கும் ஆப்பின் சரிவில் இருக்கும். அது சரியான பிறகு பித்தளைக் கம்பியை அடித்து முடியுங்கள்.

இன்னொன்று, பழைய பிடியைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பூச்சி தொடாத இடங்களில் காலிப்பர் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அலகைக் கையில் வைத்துப் பார்த்த ஷெஃபீல்டுத் தொழிலாளி தேர்ந்த தடிமன் அதுதான். நான் சொன்ன எண்ணோடு அது மாறுபட்டால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அளந்ததும் பழைய பிடியை மூடிபோட்ட டப்பாவில் தனியாக வையுங்கள். உள்ளே இன்னும் புழு இருக்கலாம், புதுத் தகட்டுக்கும் பரவும்.