வேலை எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது?

கணினி அறிவியல் வேறு, கணிமை அறிவியல் வேறு. முன்னது கணினியையே ஆராய்கிறது. பின்னது கணினியைக் கொண்டு புயலையும் புரதத்தையும் விமான இறக்கையைச் சுற்றி ஓடும் காற்றையும் ஆராய்கிறது. ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க முடியாதவற்றைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் துறை இது.

வேலை தேடும்போது இந்தப் பெயரே சிக்கலாகிவிடுகிறது. 'கணிமை அறிவியலாளர் தேவை' என்ற விளம்பரம் அரிது. மழையைக் கணிப்பவருக்கான இடம் வானிலைத் துறையில் இருக்கும். புரதத்தின் அசைவைக் கணிப்பவருக்கான இடம் வேதியியல் துறையிலோ மருந்து நிறுவனத்திலோ இருக்கும். எனவே, நீங்கள் கையாளும் முறையின் பெயரையும் மென்பொருளின் பெயரையும் கொண்டு தேடுங்கள். காற்றோட்டத்தைக் கணிப்பவர் 'ஓப்பன்ஃபோம்' என்றும் மூலக்கூறுகளைக் கணிப்பவர் 'குரோமாக்ஸ்', 'லாம்ப்ஸ்' என்றும் தேடலாம். நிரல் எழுதுவதில்தான் விருப்பம் என்றால் 'ஆய்வு மென்பொருள் பொறியாளர்' என்ற பதவி இருக்கிறது. பிரிட்டனில் 2012ல் சூட்டப்பட்ட இந்தப் பெயர் இப்போது பல நாடுகளிலும் புழங்குகிறது.

சிங்கப்பூரில் முதலில் பார்க்க வேண்டிய இடம், ஏ*ஸ்டார் அமைப்பின்கீழ் 1998ல் தொடங்கப்பட்ட உயர்செயல்திறன் கணிமைக் கழகம். வெப்பமண்டல வானிலையில் ஆர்வமுள்ளவர்கள் 2013ல் அமைந்த சிங்கப்பூர் பருவநிலை ஆய்வு நிலையத்தையும் கவனிக்கலாம். முனைவர் பட்டத்துக்கு இங்கு வர விரும்பும் மலேசிய, இந்திய மாணவர்களுக்கு 'சிங்கா' உபகாரச் சம்பளம் உண்டு.

வெளிநாட்டு ஆய்வு உபகாரச் சம்பளங்களில் தகுதி விதிகளை முதலில் படியுங்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் உபகாரச் சம்பளத்தின் பெயரிலேயே கணிமை அறிவியல் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டமோ பெயரில் எந்தத் துறையையும் சொல்லாது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

அங்கே கணக்கு நாள்காட்டியில் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 ஆண்டைத் தாண்டக்கூடாது. விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்குமேல், போகவிருக்கும் நாட்டில் வசித்திருக்கவும் கூடாது. ஒன்றரை ஆண்டாக ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் அங்கேயே தொடர இதைப் பயன்படுத்த முடியாது. பிரான்சுக்குப் போக முடியும். ஜெர்மனியின் ஹம்போல்ட் உபகாரச் சம்பளத்தின் இளம் ஆய்வாளர் பிரிவில் கெடு இன்னும் குறுகியது: பட்டம் பெற்று 4 ஆண்டுகள். பட்டத்துக்குப் பிறகு சிறிது காலம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்விரண்டுக்குமே உங்களை ஏற்க ஒரு பேராசிரியர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். மேரி கியூரி விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் முடிவதால், ஆண்டின் தொடக்கத்திலேயே அவருக்கு எழுதிவிடுவது நல்லது. ஐந்து பக்கத் தன்விவரம் வேண்டாம். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எந்தக் கணக்கை மேலும் கொண்டுபோக நினைக்கிறீர்கள் என்று நான்கு வரி போதும். கூடவே, நீங்கள் எழுதிய நிரல் ஒன்றின் இணைப்பை அனுப்புங்கள். அவர் அதைத் தம் கணினியில் ஓட்டிப் பார்க்கும் அளவுக்கு விளக்கக் குறிப்பும் அதில் இருக்கட்டும்.